ஜெயக்கொடியின் தொண்டையில் ஓடிய மோட்டார்

ஆலைப்பட்டியில் தண்ணித்தொட்டித் தெருவில் குடியிருந்த பரமகுரு, ஊர் விழித்திருக்கும்போது தூங்கவும் ஊர் தூங்கும்போது விழித்திருக்கவும் விதிக்கப்பட்டவர். நூற்பாலையில் நிரந்தர நைட் ஷிப்டு ஃபிட்டராக இருந்த அவர், நூற்புக் கதிர்கள் சுற்றுகிற பேரிரைச்சலுக்குள் விடிய விடிய நின்று, பஞ்சுத் தூசியை மூக்கிலும் தலைமயிரிலும் வாங்கிக்கொண்டு, காலையில் வீட்டுக்கு வந்து குளித்து, நாலு இட்லியைப் பிட்டுப் போட்டுக்கொண்டு, ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டுப் படுத்தால், அத்தனை பெரிய ஆலையைச் சட்டை பண்ணாத அந்தக் காது, கட்டிலுக்குப் பக்கத்தில் மேஜைமேல் இருந்த மீன்தொட்டியின் ஏர் மோட்டார் போடுகிற சத்தத்தைத் தாங்க மாட்டாமல் தவித்தது. டுர்ர்ர் என்று ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பார். அது ஓடி ஓடி, கண் செருகப்போகிற நேரமாகப் பார்த்து 'டக்' என்று ஒரு தட்டுத் தட்டும். கால் தடுக்கிய ஆள் சுதாரித்துக்கொள்வதுபோல ஒரு நொடி நின்று, மறுபடி ஓடும். பிறகு அடுத்த 'டக்' எப்போது வரும் என்று காத்திருப்பதிலேயே அவருடைய பகல் கழிந்துவிடும்.

தொட்டி அவருடையதல்ல. மகள் கோபிகா அடம்பிடித்து வாங்கியது. கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குக் கிளம்பிய அன்று பஸ் படியில் நின்றுகொண்டு, "என்னையப் பாக்க வராட்டியும் பரவாயில்லப்பா, மீனுங்களுக்கு மோட்டார மட்டும் நிறுத்திராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஞாயிற்றுக்கிழமை போனில் வீடியோவில் வந்து ஒவ்வொரு மீனையும் பேர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் அப்பா அம்மாவை விசாரிப்பாள். தொட்டியைக் கூடத்துக்கு மாற்றலாம் என்றால் அங்கே மனைவி மாரீஸ்வரியின் தையல் மிஷினும் துணிமூட்டைகளும் அடைத்துக்கொண்டிருந்தன. போதாததற்கு மேற்கு வெயில் நேராக விழுந்து தண்ணீரைப் பச்சையாக்கியது. ஆக, தொட்டி படுக்கையறையிலேயே இருந்தது, மோட்டாரும் இருந்தது, சத்தமும் இருந்தது.

அவரும் சும்மா இருக்கவில்லை. மோட்டாருக்கு அடியில் துண்டை மடித்து வைத்தார். துண்டு போதாதென்று பழைய செருப்பின் ரப்பரை வெட்டி நாலு மூலைக்கும் கால் வைத்தார். ஜன்னல் கம்பியில் சணல் கயிற்றைக் கட்டித் தூக்கணாங்குருவிக் கூடுபோலத் தொங்கவிட்டார். மீன்கடைக்காரர் சொன்னாரென்று குழாயை நீளமாக்கினார், குழாய் முனையில் குமிழி விடுகிற ஏர் ஸ்டோனை மாற்றினார், தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்தார், கடைசியில் புது மோட்டாரே வாங்கி மாட்டினார். புதுசு ஒரு வாரம் சமர்த்தாக ஓடிவிட்டு, பழசு போட்ட அதே டுர்ர்ரையும் அதே டக்கையும் எடுத்துக்கொண்டது. "சத்தம் மோட்டாரோடது இல்லங்க, இந்த ரூமோடது. அது இங்கயே குடியிருக்கு" என்றாள் மாரீஸ்வரி, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே. அவளுக்கு அந்தச் சத்தம் ஒன்றும் செய்யவில்லை.

தூக்கமில்லாமல் ஆலைக்குப் போன பரமகுரு, ஒருமுறை ஓடிக்கொண்டிருந்த பல்சக்கரத்துக்குள் கையைக் கொண்டுபோய்விட்டார். பக்கத்தில் நின்றவர் சட்டையைப் பிடித்து இழுத்ததில் கை தப்பியது, சட்டைதான் கிழிந்தது. அதே இடத்தில் முன்பு விரல்களைப் பறிகொடுத்தவர் இப்போது ஆலை வாசலில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தார். அவரைத் தாண்டித்தான் தினமும் உள்ளே போக வேண்டும். அன்று முதல் பரமகுருவின் முகத்தில் ஒரு பயம் ஒட்டிக்கொண்டது.

அந்த முகத்தைப் பார்த்துத்தான் பக்கத்து வீட்டு ஜெயக்கொடி ஒருநாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்.

ஜெயக்கொடியை ஆலைப்பட்டியில் பார்த்தவர்கள் கொஞ்சம், கேட்டவர்கள் எல்லாரும். பஸ் ஸ்டாண்டு மைக் ரூமில் உட்கார்ந்து, எந்த பஸ் எங்கே நிற்கிறது, எந்தக் குழந்தை யாரைத் தேடி அழுகிறது, எந்த மஞ்சப்பை எந்தப் பெஞ்சில் அனாதையாகக் கிடக்கிறது என்று ஊருக்குச் சொல்கிற குரல் அவளுடையது. சங்கரன்கோவில் என்று அவள் சொன்னால் சங்கரன்கோவிலுக்குப் போக வேண்டிய வேலை இல்லாதவனுக்கும் ஒரு நடை போய்வரலாமா என்று தோன்றும். அவள் வீட்டுக்காரர் தங்கப்பாண்டி லாரியோடு வடக்கே போனால் திரும்ப நாள் கணக்கில் ஆகும். அதனால் அவளுக்கு அந்த மைக்கும், காலையில் பஸ் ஓய்கிற வேளையில் அவர் பண்ணுகிற ஒரு போனும்தான் பேச்சுத்துணை.

"என்னண்ணே, கண்ணு ரெண்டும் கோவப்பழமாட்டம் இருக்கு?"

"தூங்கி எவ்வளவு நாளாச்சுன்னே தெரியல தாயி. அந்த மீன் மோட்டாரு என்னையக் கொன்னு எடுக்குது."

"அட, இதுக்குப் போயி. எங்க மைக் ரூம் செவுத்துல கறுப்பு ஃபோம் ஒட்டியிருக்குல்ல, முட்டை அட்டையாட்டம் மேடும் பள்ளமுமா, அத மாத்தப் போறாங்க. வெளிய பஸ்ஸு ஹாரன் அடிச்சாக்கூட உள்ள கேக்காது. பழசுல ஒரு துண்டு கொண்டாரேன். இத்தன வருசமா நான் பேசுனதையெல்லாம் குடிச்சது, ஒங்க மோட்டாரக் குடிக்காதாக்கும்?"

சொன்னபடி மறுநாளே கொண்டுவந்தாள். தூசி தட்டி, வெயிலில் காயவைத்து, நாலாக மடித்துக் கையில் கொடுத்தாள். பரமகுரு அதை மோட்டாரைச் சுற்றி வைத்து ஒரு ரப்பர் பேண்டைப் போட்டார்.

சத்தம் நின்றது. குறைந்தது என்றோ அமுங்கியது என்றோ சொல்ல முடியாது, சுத்தமாக நின்றது. தொட்டிக்குள் குமிழிகள் மட்டும் ஏறிக்கொண்டிருந்தன, வாயசைத்து ஓசையில்லாமல் பேசுகிறவர்கள்போல. பரமகுரு கட்டிலில் உட்கார்ந்தார், சாய்ந்தார், போர்வையை இழுக்கப் போன கை பாதியிலேயே நின்றுவிட, பொழுது சாயும்வரை தூங்கினார். எழுந்தபோது உடம்பு பஞ்சு மூட்டையாக லேசாகி இருந்தது. மாரீஸ்வரி வைத்த காபியைக் குடித்துவிட்டு, காரணமே இல்லாமல் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

அடுத்த காலையில் ஜெயக்கொடி மைக்கைப் போட்டு, பயணிகளின் கனிவான கவனத்திற்கு என்று ஆரம்பிக்க வாயைத் திறந்தாள். டுர்ர்ர் என்று வந்தது. இருமினாள், வெந்நீர் குடித்தாள், மறுபடி திறந்தாள். டுர்ர்ர். வார்த்தைகள் அதற்குள்ளேதான் இருந்தன, ஆனால் கம்பளிக்கு அடியில் படுத்திருக்கிறவன் பேசுவதுபோல எந்த ஊர் எந்த பஸ் என்று ஒருவருக்கும் பிடிபடவில்லை.

முதலில் மைக் கெட்டுவிட்டது என்றார்கள். மைக்கை மாற்றியும் அதே சத்தம் வந்ததும், சரி, பொண்ணுக்குத்தான் தொண்டைக்குள் ஏதோ ஓடுகிறது என்று ஏற்றுக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு தன் போக்கில் நடந்தது. அதில் பெரிய ஆச்சரியம் ஒருவருக்கும் இல்லை. வந்த தொந்தரவு வேறு. அந்தச் சத்தம் கூம்பு ஸ்பீக்கர் வழியாக வந்து விழுந்தவுடன், பெஞ்சில் காத்திருந்தவர்களுக்குக் கண் சொருகியது. தென்காசி போக வேண்டியவர்கள் பையைத் தலைக்கு வைத்துப் படுத்தார்கள். கைக்குழந்தைகள் அழுகையைப் பாதியில் விட்டுவிட்டு உறங்கின. முகூர்த்தத்துக்குப் புறப்பட்ட ஒரு குடும்பம் பட்டும் பூவுமாகத் தூணில் சாய்ந்து தூங்கிப்போய், பந்திக்கு மட்டும் போய்ச் சேர்ந்தது. கண்டக்டர்கள் விசிலை விட்டுவிட்டு ஆள் ஆளாகத் தோளைப் பிடித்து உலுக்கி, "எந்த ஊரு, எந்த ஊரு" என்று கேட்டு ஏற்றினார்கள். எழுப்பப்பட்டவர்கள் எல்லாரும் டீ கேட்டதால் டீக்கடை கைலாசத்துக்கு வியாபாரம் இரட்டிப்பானது. தூங்காத குழந்தைகளை வைத்திருந்த தாய்மார்கள், பயணம் இல்லாமலே பஸ் ஸ்டாண்டுக்கு வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். ஊருக்கு அது பழகிவிட்டது. ஜெயக்கொடிக்குத்தான் பழகவில்லை. ஊரையே தூங்கவைத்த அந்தச் சத்தம் அவளை மட்டும் தூங்க விடவில்லை. தங்கப்பாண்டி போன் பண்ணினால் அவள் எடுப்பதையே நிறுத்தினாள், வண்டி ஓட்டுகிற மனுஷன் காதில் இது விழுந்தால் என்ன ஆகும் என்ற பயத்தில். அவரோ, தான் என்ன தப்புச் செய்தோம் என்று புரியாமல் ஒவ்வொரு டோல்கேட்டிலும் நின்று நின்று போன் பண்ணிக்கொண்டிருந்தார்.

பரமகுரு இதையெல்லாம் மாரீஸ்வரி சொல்லிக் கேட்டு, "பாவம், சூடு பிடிச்சிருக்கும், இளநி குடிக்கச் சொல்லு" என்றார். பிறகு ஒரு காலையில் ஆலை வண்டியிலிருந்து பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது, தலைக்கு மேலே ஸ்பீக்கரில் அந்தச் சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. டீ கிளாஸை வாய்க்குக் கொண்டுபோனார். டக். ஒரு நொடி நின்று, மறுபடி ஓடியது. கிளாஸை அப்படியே வைத்தார்.

அந்தத் தட்டை அவருக்குத் தெரியாதா. எத்தனை பகல்கள் அதற்காகக் காத்துக் கிடந்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் குளிக்காமல் படுக்கையறைக் கதவைச் சாத்தினார். பஸ் ஸ்டாண்டு ஸ்பீக்கர் அந்தத் தெருவரை கேட்கும். ஜன்னலில் போர்வையை விலக்கிவிட்டு, ரப்பர் பேண்டை எடுத்து ஃபோமைப் பிரித்தார். மோட்டார் டுர்ர்ர் என்று துள்ளி எழுந்தது, ஜன்னல் வழியே, "சங்கரன்கோவில் செல்லும் பயணிகள்..." என்று ஜெயக்கொடியின் குரல் கழுவிவைத்த பாத்திரம்போலப் பளிச்சென்று வந்தது. சுற்றினார். அறை அடங்கியது, தூரத்தில் ஸ்பீக்கர் டுர்ர்ர் என்றது. பிரித்தார், சுற்றினார். சந்தேகத்துக்கு இடமே இல்லை.

கையில் ஃபோமோடு நின்றார். பிரித்துப் போட்டுவிட்டுப் பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். சாயங்காலம் சொல்லலாம் என்று நினைத்தார். தூங்காமல் ஆலைக்குப் போனால் கை போய்விடுமே என்றும் நினைத்தார். அது பொய்யில்லை, ஆனால் முழு நிஜமும் இல்லை. ஃபோமைச் சுற்றினார். தூரத்தில் கேட்கும்போது அந்தச் சத்தம் தாலாட்டுப்போல இருந்ததுதான் கொடுமை. படுத்த மாத்திரத்தில் தூங்கிப்போனார்.

எழுந்தபோது வெட்கம் வந்தது. வெட்கம் வந்ததும், அதைத் தணிக்க ஒரு வழியும் கண்டுபிடித்தார். தூங்குகிற நேரத்துக்கு மட்டும் சுற்றுவது, எழுந்தவுடன் பிரித்துவிடுவது. பாதி நாள் அவளுக்கு, பாதி நாள் தனக்கு. இதில் ஒரு நியாயம் இருப்பதாக அவருக்குப் பட்டது. அவருடைய தூக்க நேரமும் அவளுடைய வேலை நேரமும் ஒன்று என்பது தெரியாமலா இருந்தது? தெரிந்தது. அதை நினைக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டார்.

அந்த அரை நியாயம்தான் ஜெயக்கொடியை முழுசாகக் கெடுத்தது. முன்பு எந்நேரமும் சத்தம் ஓடியபோது அது ஒரு நோவு என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். இப்போது வேலை நேரத்தில் மட்டும் ஓடி, வீட்டுக்கு வந்ததும் நின்றுபோனது. டாக்டர் சாயங்காலம்தான் பார்ப்பார். டார்ச் அடித்துப் பார்த்து, "ஆ சொல்லும்மா" என்றார். அவள் ஆ சொன்னாள், கோயில் மணிபோல. "தொண்ட தங்கமா இருக்கே" என்று அனுப்பிவிட்டார். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர், "அதெப்படிம்மா டூட்டி முடிஞ்சதும் டாண்ணு சரியாகுது? பிடிக்கலேன்னா பிடிக்கலேன்னு சொல்லிரு, எதுக்கு வேஷம்?" என்று நாலு பேர் முன்னால் கேட்டார். அவளால் அப்போது பதில் சொல்ல முடியவில்லை, டூட்டி நேரம். மைக் காண்ட்ராக்டர் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, எங்கேயோ பதிவு செய்த ஒரு குரலைக் கம்ப்யூட்டரில் ஏற்றி மைக் ரூமில் வைத்துவிட்டு, அவளை வர வேண்டாம் என்றார்.

அன்று சாயங்காலம் பரமகுரு எழுந்து, வழக்கம்போல ஃபோமைப் பிரித்தார். சுவருக்கு அந்தப் பக்கம், அதுவரை டுர்ர்ர் என்று கேட்டுக்கொண்டிருந்தது சட்டென்று ஒரு பெண்ணின் அழுகையாக மாறியது. அத்தனை தெளிவான அழுகை. ஒவ்வொரு விம்மலும் தனித்தனியாகக் கேட்டது. பரமகுருவின் கை, அவர் சொல்லாமலே, ஃபோமை மறுபடி சுற்றியது. அழுகை மறைந்தது. தான் செய்தது என்ன என்று உறைத்ததும் அவர் தரையில் உட்கார்ந்தார். அந்தப் பக்கம் அவள் அழுதுகொண்டுதான் இருந்தாள். தன் காதில் விழாமல் இருப்பதற்காக, அவளுடைய அழுகையைக்கூட அவர் பிடுங்கிக்கொண்டார்.

அப்போதாவது எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. அன்றிலிருந்து ஃபோமைப் பிரிக்கவும் இல்லை. மாரீஸ்வரி ஒரு கிண்ணத்தில் குழம்பு ஊற்றி, "இந்தாங்க, ஜெயாகிட்ட குடுத்துட்டு ஒரு வார்த்த ஆறுதலாச் சொல்லிட்டு வாங்க" என்றபோது, கால் வலிக்கிறது என்றார்.

லீவுக்குக் கோபிகா வந்தாள். பெட்டியை வைத்துவிட்டு, அப்பா தூங்குகிறார் என்பதால் படுக்கையறைக்குப் போகாமல், ஜெயா அத்தையைப் பார்க்கப் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். அங்கே இட்லிமாவு ராக்கம்மாவும் இஸ்திரிக்காரர் சுடலைமணியும் ஜெயக்கொடிக்குத் துணையாக உட்கார்ந்து, பாதித் தூக்கத்தில் தலை ஆடிக்கொண்டிருந்தார்கள். ஜெயக்கொடி கோபிகாவைப் பார்த்துச் சிரித்து, "வா தங்கம்" என்று சொன்னாள். டுர்ர்ர் என்று வந்தது. கோபிகா ஒரு கணம் தலையைச் சாய்த்துக் கேட்டாள். டக்.

"அத்தை, இது எங்க மோட்டாரு."

"என்ன பிள்ள சொல்லுத?" என்றாள் ராக்கம்மா.

"எங்க மோட்டாருதான். எத்தன வருசம் இதக் கேட்டுத் தூங்குனவ நானு. இந்த டக் வந்தாத்தான் எனக்குத் தூக்கமே வரும். ஹாஸ்டல்ல இது இல்லாமத்தான நான் முழிச்சுக் கெடக்கேன்."

அவள் ஜெயக்கொடியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பின்னால் ராக்கம்மாவும் சுடலைமணியும் வந்தார்கள். தையலை விட்டு எழுந்து மாரீஸ்வரியும் வந்தாள். பரமகுரு வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். கோபிகா ரப்பர் பேண்டை இழுத்து ஃபோமைப் பிரித்தாள்.

சத்தம் வரவில்லை. மோட்டார் கையில் அதிர்ந்தது, குமிழிகள் ஏறின, ஆனால் வெறும் மோட்டார் ஊமையாக ஓடியது. டுர்ர்ர் என்பது ஜெயக்கொடியின் தொண்டையிலேயே நின்றுவிட்டது. பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தாள். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்தனவே தவிர, ஜெயக்கொடியிடம் ஓடியது ஓடியபடி இருந்தது.

பரமகுரு கண் விழித்தபோது கட்டிலைச் சுற்றி எல்லாரும் நின்றார்கள். இறந்தவரைப் பார்க்க வந்தவர்கள்போல நின்றார்கள்.

"அப்பா, ஒங்களுக்குத் தெரியுமா?" என்றாள் கோபிகா.

இல்லை என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள். அதற்காகத்தான் அவள் அப்படிக் கேட்டாள், தெரியாது என்று சொல்லட்டும் என்று. அவர் மகளைப் பார்க்காமல், தொட்டியைப் பார்த்தார். பிறகு போர்வையை மெதுவாக மேலே இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

"எங்கிட்டக்கூடச் சொல்லலையே" என்றாள் மாரீஸ்வரி. அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் அவருக்கு எளிதாக இருந்திருக்கும்.

ராக்கம்மாதான் பேசினாள். "மொத நாளே வாயத் தொறந்திருந்தா வந்த வழியே போயிருக்கும்யா. இப்ப அதுக்கு வழி மறந்துபோச்சு. ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஆளுக்கு ஒரு நாள் வச்சிருந்து கழிச்சிருப்போமே. தெருன்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?"

சுடலைமணி ஃபோமை வாங்கி முகர்ந்து பார்த்தார். "மைக் ரூம் ஃபோமுல்ல. இது யாரு பேச்சக் குடிக்குதோ அவுகளுக்குச் சத்தத்தக் கொண்டுபோயிக் குடுக்குது. அவ்வளவுதான சங்கதி?" என்று சொல்லி, அதில் வாயை வைத்து, "ஏய், நான் சுடலைமணி பேசுதேன்" என்றார். உடனே அவர் தொண்டையில் டுர்ர்ர் என்று ஓடத் தொடங்கியது. ஜெயக்கொடி தொண்டையைத் தொட்டுப் பார்த்து, "அண்ணே" என்று கூப்பிட்டாள். சுத்தமான குரல். அந்த ஒரு சொல்லைக் கேட்டு மாரீஸ்வரி அழுதுவிட்டாள்.

அதற்குப் பிறகு தெரு அந்தச் சத்தத்தை முறைபோட்டுச் சுமந்தது. இஸ்திரிப் பெட்டிக்கு முன்னால் பேச்சு எதற்கு என்று சுடலைமணி முதலில் வைத்துக்கொண்டார். துணி போட வந்தவர்கள் வண்டியடியில் தூங்கினார்கள். ராக்கம்மாவின் முறை வந்த அன்று அவள் திட்டுவது ஒன்றும் விளங்காததால் அவள் புருஷன் நிம்மதியாகச் சாப்பிட்டான். பிள்ளை பெற்ற வீட்டுக்காரர்கள் தாங்களாகவே கேட்டு வாங்கிக்கொண்டார்கள். ஆனால் மோட்டாரோடு சேர்ந்து அந்த அறையில் இருந்தால்தான் ஃபோமுக்குப் பேச்சு ஏறியது. அதனால் முறை மாறுகிற காலைகளில் யாராவது ஒருவர் பரமகுருவின் படுக்கையறைக்கு வந்து, மேஜைப் பக்கம் குனிந்து, "நான்தான் வந்திருக்கேன், இன்னைக்கு எங்கிட்ட வா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவரை யாரும் முறையில் சேர்க்கவில்லை. "மிஷின்கிட்ட நிக்கிற மனுசன், தூங்கட்டும்" என்றார்கள். ஒருவரும் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. போகும்போது கதவை ஓசைப்படாமல் சாத்திவிட்டுப் போனார்கள். பரமகுரு போர்வைக்குள் கண்ணை இறுக மூடிக்கொண்டு தூங்குவதுபோல் கிடப்பார். அப்படி ஓர் அமைதியை அந்த அறை அதற்குமுன் கண்டதில்லை. அவருக்கு ஒரு பொட்டுத் தூக்கம் வரவில்லை.

அவர் காண்ட்ராக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். காண்ட்ராக்டர் பொறுமையாகக் கேட்டார், கொஞ்சமும் வியக்கவில்லை. "நீங்க சொல்றத நம்புறேங்க. அந்தப் பொண்ணு மேல தப்பில்லன்னு டைம் கீப்பர்கிட்டயும் சொல்லிர்றேன். ஆனா கம்ப்யூட்டர் லீவு கேக்காது, அதுக்குத் தொண்ட கட்டாது. இதக் கொஞ்சம் முந்தி வந்து சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். பரமகுரு வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் நின்றார். அந்தப் புதுக் குரல் எல்லா ஊரையும் ஒரே மாதிரி சொன்னது. பெஞ்சுகளில் எல்லாரும் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பிறகு ஒரு காலையில் கதவைத் திறந்துகொண்டு ஜெயக்கொடி வந்தாள். காலடியை வைத்தே அவருக்குத் தெரிந்தது. அவள் மேஜைப் பக்கம் போனாள்.

"என்னம்மா, ஒனக்கு முறை கெடையாதே" என்றாள் பின்னால் வந்த மாரீஸ்வரி.

"எல்லாரும் எனக்காகத்தான மதினி சொமக்குறாக. எனக்கு இனி கொரல் எதுக்கு? யாருக்கு எந்த பஸ்ஸச் சொல்லப்போறேன். எங்கிட்டயே இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லி அவள் குனிந்தாள்.

பரமகுரு போர்வையை உதறிவிட்டு எழுந்தார். அவளுக்கு முன்னால் பாய்ந்து, ஃபோமை இரண்டு கையாலும் பிடித்து, அதற்குள் வாயைப் புதைத்து, "நான் பரமகுரு" என்றார். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. நெஞ்சுக்குள் டுர்ர்ர் என்று அது ஏறிக்கொண்டது. பிறகு யாரும் தடுப்பதற்குள் மொட்டைமாடிக்குப் போய், ஃபோமைத் தீ வைத்து எரித்தார். கறுப்புப் புகை தண்ணித்தொட்டிக்கு மேலே போய்க் கரைந்தது. இனி அதை வேறு ஒருவருக்குக் கொடுக்க வழியில்லை.

ஆலை இரைச்சலில் அவர் நெஞ்சில் ஓடுவது யார் காதிலும் விழவில்லை. பகல் ஷிப்டுக்கு எழுதிக் கொடுத்து மாற்றிக்கொண்டார். விளக்கணைத்துப் படுத்தால், பக்கத்தில் மாரீஸ்வரி உடனே உறங்கிவிடுவாள். அவர் அடுத்த டக்குக்காகக் காத்திருப்பார்.

தங்கப்பாண்டி லாரியோடு வந்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு, பரமகுரு வீட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், மனைவியைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போவதென்று முடிவு செய்தார். நாசிக்கோ நாக்பூரோ, போகிற ஊரெல்லாம் பக்கத்து சீட்டில் அவள் பேசிக்கொண்டே வரட்டும் என்றார். சாமான்களை ஏற்றிய பிறகு ஜெயக்கொடி வீட்டுச் சாவியைக் கொடுக்க வந்தாள். மாரீஸ்வரி கடைக்குப் போயிருந்தாள். பரமகுரு மட்டும் வாசலில் நின்றார்.

அவள் சாவியை நீட்டினாள். அவர் நிமிராமல் வாங்கிக்கொண்டார்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். மறைக்காமச் சொல்லணும்."

அவர் நிமிர்ந்தார்.

"அது எங்கிட்ட இருந்தப்போ, நல்லாத் தூங்குனீங்களா?"

அவள் குரலில் குத்தல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். இல்லை தாயி, ஒரு நாளும் நிம்மதியாகத் தூங்கவில்லை, மனசு அறுத்தது என்று சொல்லிவிட அவருக்கு எவ்வளவோ ஆசையாக இருந்தது. ஆனால் அத்தனை பகல்களும் அவர் தூங்கியிருந்தார். கனவுகூட இல்லாத தூக்கம், வாழ்நாளில் அதற்குமுன் தூங்கியறியாத தூக்கம். ஆமாம் என்று தலையாட்டினார். ஆட்டிவிட்டு, காது மடல் எரிய நின்றார்.

ஜெயக்கொடி அவரை நேராகப் பார்த்தாள்.

"நல்லது" என்றாள். "தூங்கலைன்னு சொல்லியிருந்தீங்கன்னா, எங்கொரல் சும்மாவே போச்சுன்னு ஆகியிருக்கும்."

லாரி ஹாரன் அடித்தது. அவள் சேலையைச் சரிசெய்துகொண்டு படியிறங்கினாள். போயிட்டு வா தாயி என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார். டுர்ர்ர் என்றுதான் வந்தது. வேறு யாருக்கும் அதில் ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. அவள் திரும்பிப் பார்க்காமலே, "வாரேண்ணே" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டாள்.